தோல் பிடிக்க வேண்டுமே!

செயற்கைத் தோல் செய்யும் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் எருமைத் தோல் வேண்டும். என்ன வேலை பார்க்கிறோம் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கித் தோற்றுப்போன அன்பர்களே, நான் உங்கள் கட்சி.

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் எங்கள் லேப். மனிதச் செல்களை வளர்த்து, வெந்த இடத்தில் ஒட்டுவதற்கு மெல்லிய தோல் செய்துகொண்டிருந்தோம். முதல் தோல் செல்விக்கு என்று முடிவாகியிருந்தது. ஹெப்பகோடியில் ஒரு கேண்டீனில் சமையல் செய்பவர். சாம்பார் அண்டா சரிந்து வலது கை வெந்துவிட்டது. ஒட்டிய தோல் சதையோடு பிடித்தால் மறுபடி கரண்டி பிடிப்பார். இல்லாவிட்டால் விரல்கள் மடங்கி இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வாடகைக்கு வீடு

அந்தச் சமயத்தில்தான் சந்தாபுராவில் வீடு தேடினேன். வீட்டுக்காரர் அரசு வேலையில் ஓய்வு பெற்ற பெங்களூர்த் தமிழர். "தோல் தயாரிக்கிறோம் சார்" என்றதும் மூக்கைப் பொத்தாத குறை. "நாங்க சுத்த சைவம். கண்டிதமா முடியாது ஸ்வாமி" என்றார்.

தீக்காயம், செல், செல்வி எல்லாவற்றையும் விளக்கினேன். மனிதர் கண்கலங்கி, "புண்ணியமான வேலை" என்று சாவியையே கையில் கொடுத்துவிட்டார். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "ஸ்டாஃப் ரேட்ல எனக்கு ஒரு பெல்ட் கிடைக்குமா?"

பட்டு வேட்டியும் வெள்ளைக் கோட்டும்

வளரும் செல்களுக்கு வேளை தவறாமல் ஊட்டநீர் மாற்ற வேண்டும். அவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. செல்வியின் தோல் வளர்ந்துகொண்டிருந்தபோது என் மைத்துனிக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் உட்காரப்போனவன் எழுந்து லேபுக்கு ஓடி, பட்டு வேட்டிமேலேயே கோட்டை மாட்டினேன். "இதுங்க பட்டினி கிடந்தா அந்தம்மா கை என்ன ஆகும்?" என்று, ஜெனரேட்டர் பார்க்கும் நாகராஜிடம் புலம்பினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பர்வாகில்ல சார், இன்னைக்கு ஏகாதசி. அதுங்களும் ஒரு நாள் உபவாசம் இருக்கட்டும்."

கட்டுப் பிரித்த அன்று

ஆஸ்பத்திரியில் டாக்டர் செல்வியின் கட்டைப் பிரித்தார். பஞ்சால் தோலின் ஓரத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். இன்னொரு ஓரத்தையும் அழுத்தினார். பொறுக்க முடியாமல், "பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

கண்ணை இறுக மூடிப் படுத்திருந்த செல்வி, கேள்வி தனக்குத்தான் என்று நினைத்துவிட்டார். ஒரு கண்ணை மட்டும் திறந்து கையைப் பார்த்தார். பழைய தோலைவிடப் புதுசு நல்ல வெளுப்பு. டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டியதை அவர் கவனிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ சங்கோசத்தோடு சொன்னார்: "எனக்குப் பிடிச்சிருக்கு சார். அதுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னு கேளுங்க."

பெண் பார்க்கப் போனாலும் சரி, தோல் ஒட்டப் போனாலும் சரி, ஒரு பக்கம் மட்டும் பிடித்துப் பிரயோஜனமில்லை என்பதுதான் என் இத்தனை வருஷ ஆராய்ச்சியின் முடிவு.