பிட்டி கரண்ட்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். பெற்றது நாலு, மற்ற ரெண்டும் என் அக்கா கண் மூடியபோது என் கையில் விட்டுப்போன பிள்ளைகள். ஆறு பேரும் படித்தார்கள், ஒருத்தரும் யாரிடமும் போய்க் கை நீட்டவில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு வந்த எழுத்தெல்லாம் வேதப் புத்தகத்திலிருந்தும் பாட்டுப் புத்தகத்திலிருந்தும் வந்தது. அதனால் என் எழுத்து மெதுவாகத்தான் போகும். "போன்ல பேசிடு பாட்டி, அதுவே எழுதிக்கும்" என்றாள் பேத்தி. போனில் பேசினால் அது எங்கே போய் யார் காதில் விழுகிறதோ. பேனா என் கையில் இருக்கிறது, அது போதும்.

நான் சொல்ல வந்தது கரண்டைப் பற்றி.

மைசூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த என் வீட்டுக்காரரும், ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த நானும் சேர்ந்து கட்டியது. அவர் போய்விட்டார். இப்போது நானும் என் மூத்த மகளின் பெண்ணும் இருக்கிறோம். அவள் நர்ஸ். வீடும் மீட்டரும் என் பேரில். இந்த அளவுக்குள் எரித்தால் காசு வேண்டாம் என்று சர்க்கார் சொன்ன நாளிலிருந்து எங்கள் பில்லில் சைபர்தான். எனக்கு அந்தச் சைபர் மேலேயே முதலில் சந்தேகம். ஓட்டு கேட்டு வந்த வண்டியில் ஒருவன், "நாங்கள்தான் கொடுத்தோம்" என்று மைக்கில் கத்தினான். மறுநாள் வந்த வண்டியில் இன்னொருவன், "இலவசம் கொடுத்தே நாடு திவால்" என்றான். ரெண்டு வண்டியும் கரும்புகை விட்டுக்கொண்டுதான் எங்கள் தெருவைத் தாண்டின.

என் கடைசி மகன் மைசூரிலேயே விஜயநகரில் அபார்ட்மெண்ட் வாங்கி இருக்கிறான். நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் ஆபீசர். தினமும் போய் வருவதற்கென்று கரண்ட் கார் ஒன்று வாங்கினான். அது வந்த பிறகு, ஆராதனை முடிந்து சர்ச்சு வாசலில் நிற்கிற ஆண்களுக்கு வேறு பேச்சே இல்லை. பெட்ரோல் பங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருவர் உண்டு. அவர்தான் இவனைச் சீண்டுவார்.

"என்ன தம்பி, உன் காரு இன்னும் பத்திக்கலையா?"

"பத்திக்கிட்டா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன் அங்கிள். குளிர் காயலாம்."

"புகையே இல்லைங்கிற. அந்தக் கரண்டு எங்கருந்து வருது? ராய்ச்சூர்ல கரி எரிச்சுத்தானே? புகை உன் வாசல்ல இல்ல, அவன் வாசல்ல. அவ்ளோதானே வித்தியாசம்?"

"இப்போ வெயில்லயும் காத்துலயும்கூட நிறைய வருது அங்கிள். எல்லாம் மாறிடும். மாறாதது நம்ம ஜனங்கதான். பிட்டி கரண்டு, பிட்டி பஸ்ஸு. எதைக் கேட்டாலும் பிட்டி."

பிட்டி என்றால் கன்னடத்தில் ஓசி. மைசூரில் எங்களுக்கும் அந்த வார்த்தைதான் வாயில் வரும். முந்தின நாள்தான் நான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சம்பந்தி வீட்டுக்கு, பெண்களுக்கென்று சர்க்கார் விட்ட பிட்டி பஸ்ஸில் போய் வந்திருந்தேன். அவர்கள் ரெண்டு பேர் பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவர் பெட்ரோலில் வாழ்ந்தவர், இன்னொருவன் காரில் காசைப் போட்டவன். கரி கரி என்கிறார்களே, கரி என்றால் என்ன என்று ரெண்டு பேருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரரின் ஒர்க்‌ஷாப் சட்டையைக் கல்லில் அடித்துத் துவைத்தவள் நான்.

இது நடந்து கொஞ்ச நாளில், எப்போதாவது தலை காட்டுகிற மகன் ஞாயிறு தவறாமல் சாப்பிட வர ஆரம்பித்தான். பிறகு புதன்கிழமை சாயங்காலமும் வந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர் வீட்டு அம்மா கன்னடக்காரர், நல்ல மாதிரி. அவரிடம், "வயசு ஏற ஏற பிள்ளைக்கு அம்மா ஞாபகம் வருது" என்று நானாகவே போய்ச் சொன்னேன். வந்ததும் அவன் டிக்கியிலிருந்து ஒரு வயரை எடுத்து, முன்பு இருந்த தண்ணீர் மோட்டாருக்காக வாசல் பக்கம் போட்ட பிளக்கில் செருகுவான். "போனுக்குப் போடற மாதிரிதாம்மா" என்றான். நானும் விட்டுவிட்டேன்.

அந்த மாதம் மீட்டர் பார்க்கிறவர் வந்தார். கையிலிருந்த மிஷினிலிருந்து சீட்டு கிர்ரென்று வந்தது. சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் அஜ்ஜி, மனெகெ ஏசி ஹாக்ஸிதீரா?"

வீட்டுக்கு ஏசி போட்டிருக்கிறேனா என்று கேட்கிறார்! சைபர் போய்விட்டது. சர்க்கார் சொன்ன அளவைத் தாண்டிவிட்டேனாம். பணம் எனக்குப் பெரிதில்லை, என் வீட்டுக்காரருடைய ரயில்வே பென்ஷன் வருகிறது. ஆனால் எங்கள் தெருவில் இது மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். அடக்கமாக வாழ்ந்த வீட்டுக்கு ஏசிக்காரி வீடு என்று பேர் எதற்கு?

முதல் சந்தேகம் பேத்தி மேல். முடியை நீட்டி விடுகிற மிஷின் ஒன்று வைத்திருக்கிறாள். "இத்தனூண்டு முடிக்கா அவ்ளோ பில்லு?" என்று சிரித்தாள். அடுத்து ஃபிரிட்ஜ் மேல் சந்தேகப்பட்டு ஒரு பகல் அணைத்து வைத்தேன். பால் திரிந்ததுதான் மிச்சம். கடைசியில் எதிர் வீட்டு அம்மா எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார்: "உங்க மகன் ஒரு வயர் போடறாரே, அதைப் பாத்தீங்களா? காரு ஒரு தடவை குடிக்கறதை உங்க வீடு எத்தனையோ நாள் வெச்சு எரிக்கலாம்னு எங்க மாப்பிள்ளை சொல்றார்." போகிறபோது ஒரு சிரிப்பு சிரித்தார். "ஞாபகம் வருதுன்னீங்களே. உங்க மேலயா, பிளக்கு மேலயா?"

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கரண்ட் போனால் போகட்டும். அவன் எதற்காக வருகிறான் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். வயரைச் செருகிவிட்டுத்தான் "அம்மா" என்று கூப்பிட்டான். எப்போதுமே அப்படித்தானா, அன்றைக்கு மட்டும்தானா, எனக்கு நினைவில்லை. அவன் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலுக்குப் போய் வயரைப் புறங்கையால் தொட்டேன், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பேனே, அந்த மாதிரி. சுட்டது. போன் வயர் இப்படிச் சுடாது.

அதற்கடுத்த ஞாயிறு மட்டன் குழம்பு வைத்தேன். மோட்டார் பிளக்குக்கு சுவிட்ச் சமையலறைக்குள் இருக்கிறது. அவன் சோற்றில் கை வைத்ததும் நான் உள்ளே போய் அதை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன். மேஜையில் இருந்த அவன் போன் டிங் என்றது. பார்த்தான். பிசைந்த சோற்றை அப்படியே விட்டு, எச்சில் கையோடு வாசலுக்கு ஓடினான். அவன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு மட்டும்தான் அவன் அந்த மேஜையிலிருந்து பாதியில் எழுந்திருக்கிறான்.

"அம்மா, மோட்டார் பிளக்குல கரண்டு வரலையே. ஃபியூஸ் போச்சா?"

"ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அணைச்சேன்."

"ஏம்மா?"

"நீ யாரைப் பாக்க வர்றேன்னு தெரிஞ்சுக்கலாம்னு."

"மாமா, உக்காருங்க, சோறு ஆறுது" என்றாள் பேத்தி. அவன் உட்காரவில்லை.

"நாளைக்கு நஞ்சன்கூடு போகணும்மா. வண்டில ஒண்ணுமே இல்ல."

"விஜயநகர்ல கரண்டு கிடையாதா?"

அப்போதுதான் சொன்னான். அபார்ட்மெண்ட் சங்கத்தில், கீழே பார்க்கிங்கில் யாரும் காருக்குக் கரண்ட் போடக் கூடாது என்று தடுத்துவிட்டார்களாம். தீப்பிடிக்கும் என்று பாதிப் பேருக்குப் பயம். ஒருத்தன் காருக்குப் பொது மீட்டரில் நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று மீதிப் பேருக்குக் கோபம். மீட்டிங்கில் கை தூக்கச் சொன்னபோது இவன் பக்கம் எழுந்தது இவன் கை மட்டும்தானாம். ரோட்டோரத்துச் சார்ஜரில் போய் நின்றால் வரிசை.

"இதை எங்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சர்ச்சுல அவ்ளோ பேசிட்டு எப்படிம்மா சொல்றது?"

"ஆமாமா. ஊரையே பிட்டின்னு சொன்ன வாயில்ல அது."

பேத்தி துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அவன் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இரக்கம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகிறவன் நடுரோட்டில் நிற்கக் கூடாது என்று அன்றைக்கு மட்டும் சுவிட்சைப் போட்டேன். "இனிமே நீ வா. வண்டி வேண்டாம்" என்றேன்.

புதன்கிழமை அவன் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை, சர்ச்சிலும் காணோம். எதிர் வீட்டு அம்மா கேட் பக்கம் வந்தாலே நான் உள்ளே போய்விடுவேன். சமையலறையில் அந்த சுவிட்ச் கண்ணில் படும்போதெல்லாம், தெரிந்துகொண்டு நான் என்ன கண்டேன் என்று இருந்தது. ஆனாலும் போடவில்லை.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் வந்து இறங்கினான். வேர்த்து வழிந்தது.

"டிக்கெட் வாங்கித்தாம்மா வந்தேன். ஆம்பளைங்களுக்குத்தான் பிட்டி கிடையாதே."

கையில் கனமாக ஒரு பை. எனக்கு உடனே சந்தேகம். பேட்டரி கீட்டரி கொண்டுவந்து எங்கள் வீட்டில் நிரப்பிக்கொண்டு போகிறானோ? அவன் முகம் கழுவப் போனதும் பையைத் திறந்து பார்த்தேன். எப்போதோ குழம்பு ஊற்றிக் கொடுத்தனுப்பிய என் தூக்கு. நன்றாகத் தேய்த்திருந்தது. வெறும் பாத்திரமாகத் தரக் கூடாதென்று கூடவே ஒரு சீப்பு நஞ்சன்கூட்டு ரசபாளெ வாழைப்பழம்.

அன்றைக்கு முழுதாகச் சாப்பிட்டான். போன் சட்டைப் பையிலேயே கிடந்தது. நான் கொஞ்சம் இளகின நேரம் பார்த்து, "அம்மா, ஒண்ணு கேக்கவா?" என்றான். வந்தது பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாடி சும்மாதானே கிடக்கு. சோலார் பேனல் போட்டுடலாம். சர்க்கார் கொஞ்சம் தருது, மீதி நான் போடறேன். வீடு உன் பேர்ல இருக்கறதால உன் கையெழுத்து வேணும். அப்புறம் உன் மாடி வெயில்லயே உன் கரண்டு. ஒருத்தன் பிட்டின்னு சொல்ல முடியாது."

"உன் காருக்கு?"

ஒரு பழத்தை எடுத்து உரித்தான். "மிச்சம் இருந்தா காருக்கும்."

பொய் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் பழத்தையும் பஸ்ஸையும் பேனலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எது எதற்காக வந்தது என்று இன்னும் பிடிபடவில்லை. "யோசிச்சு எழுதித் தர்றேன், அடுத்த வாரம் வா" என்றேன். "வாயால சொல்லேம்மா" என்றான். வாயால் சொன்னால் அவனுக்கு வேண்டியதை மட்டும் காதில் வாங்கிக்கொள்வான். அதனால்தான் இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து இதை எழுதினேன்.

என் பதில் இதுதான். எதிர் வீட்டில் வெந்நீருக்கு சோலார் வைத்திருக்கிறார்கள். ஜூன், ஜூலையில் சாரல் பிடித்துக்கொண்டால் அந்த அம்மா குளிக்க அடுப்பில்தான் தண்ணீர் வைக்கிறார். வெயில் இல்லாத நாளில் மாடியில் என்ன போட்டாலும் அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாளில் மழை வந்துவிடும். மழைக்காலம் முழுக்க மோட்டார் பிளக் சுவிட்ச் அணைந்தே இருக்கும், மாடியிலும் ஒன்றும் இருக்காது. குழம்பு மட்டும் இருக்கும். அந்த ஞாயிறுகளில் அவன் குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வரட்டும். மழை விட்டதும் கையெழுத்துப் போடுகிறேன், காருக்கும் சேர்த்து.

அடி பெண்ணே, இங்கே வா, இதைப் படி. உனக்குக் கன்னடம் ஓடுகிற மாதிரி தமிழ் ஓடாது, தடுக்கினாலும் பரவாயில்லை. மாமா சாப்பிட்டு முடித்து மேஜையிலேதான் இருக்கிறான். முதலிலிருந்து படி. பிட்டி வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாக.