கறுப்புக்கு ஒரு புத்தகம்

சென்ற வாரம் அலமாரியைத் துடைக்கையில், சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுக்கான தொடக்க ஆட்டங்களைச் சொல்லும் பழைய புத்தகமொன்று கைக்கு வந்தது. பிரித்ததும் சிப்காட்டின் நெடி, அல்லது அந்த நெடியின் நினைவு. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் படிக்கப் போன நாட்களில், பேருந்து அந்தத் தொழிற்பேட்டையைக் கடக்கும்போது எல்லோரும் மூக்கில் கைக்குட்டை வைப்பார்கள். நான் இந்தப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைப்பேன். படிப்பாளி என்ற பெயர் எனக்கு அப்படித்தான் வந்தது.

அது 2008. பெண்கள் சதுரங்க அணியில் ஓரிடம் காலியாக இருந்தது. நானும் விலங்கியல் மாணவி ஷமீமாவும் ஓர் ஆட்டம் ஆடவேண்டும், வெல்பவளுக்கு இடம். எனக்குக் கறுப்பு. இலக்கிய மாணவியான எனக்கு எந்தச் சிக்கலுக்கும் ஒரே தீர்வுதான் தெரியும்: புத்தகம் வாங்குவது.

மேலவீதியின் பழைய புத்தகக் கடையில் இரண்டு கிடைத்தன. தடித்தது, கறுப்பு பாய்ந்து வெல்லும் என்று அட்டையிலேயே வாக்களித்தது. மெலிந்தது, பொறுமையாக இருந்தால் தோற்காமலாவது இருக்கலாம் என்றது.

"எது நல்லாருக்கும்ண்ணே?"

"எத வேணா எடும்மா. ரெண்டையுமே நான் படிக்கல."

அத்தனை நேர்மையான மதிப்புரையைப் பின்னர் நான் வாசித்ததேயில்லை. என் சுபாவத்துக்குப் பொருந்தியது மெலிந்தது. ஆகவே தடித்ததை வாங்கினேன். வாய் திறக்கத் தயங்குகிறவள் பலகையிலாவது பாயவேண்டாமா?

மூன்று மாதங்கள், படத்தில் உள்ளபடியே பலகையில் காய்களை அடுக்கி, ஆட்டம் பிரிந்துபோகும் ஒரு கிளை விடாமல் மனப்பாடம் செய்தேன்.

ஷமீமாவும் புத்தகத்தில் உள்ளபடியேதான் ஆடினாள். ஆனால் ஏழாவது நகர்த்தலில் எனக்கு எதுவுமே அடையாளம் தெரியவில்லை. காரணம் அப்போதுதான் உறைத்தது. கறுப்புக்கென்றே எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தில், எல்லாப் படங்களிலும் வெள்ளை கீழே, கறுப்பு மேலே. மூன்று மாதங்களும் நான் வெள்ளையின் பக்கம் அமர்ந்து கறுப்பைப் படித்திருக்கிறேன்.

"என்னாடி தலைய சாய்க்கிற? சுளுக்கா?"

"எடம் மாத்தி ஒக்காரலாமா?"

"ஒக்காரேன். தோத்துட்டு ஒக்காரு."

தோற்றேன். அணியில் ஷமீமா சேர்ந்தாள்.

திரும்பும் பேருந்தில் புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தேன். பக்கத்து இருக்கை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாப்பா, பொஸ்தகம் தலகீழா இருக்கு."

"தெரியுங்க."

"தெரிஞ்சேவா?" என்றவர், முன்னிருக்கைக்காரரிடம் திரும்பினார். "ஜாஸ்தி படிச்சா இப்புடித்தான் ஆவும்."

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறைகள் தொங்குகின்றன. கைபேசிக்குள் இருக்கும் பலகையோ ஒரு தொடுதலில் தானே திரும்பிக்கொள்கிறது. கறுப்பில் நான் இன்றும் தோற்கிறேன். அதற்குக் கண்ணியமான காரணம் ஒன்று இருந்தது, அதுதான் போய்விட்டது.