கட்டிலில் படுத்து அலறிய சிஸ்டர்

எழுபதுகளில், மூணாறு பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு வந்த எங்களுக்குப் பிரசவம் பார்க்கப் பழக்கியவர் உயரமான ஒரு சிஸ்டர். பழகுவதற்கு வைத்திருந்த துணிப் பொம்மையைத் தொடுவதானாலும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

பொம்மையை வைத்துச் செய்கையில் நான் தவறியதே இல்லை. முதல் நிஜப் பிரசவத்தில், அந்தப் பெண் அலறியதும் என் கை விறைத்துப்போனது. சிஸ்டர் ஓடிவந்து எடுத்தும் குழந்தை தங்கவில்லை. என்னை அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

மறுநாள் வகுப்பில் பொம்மையை ஒதுக்கிவிட்டு, அவரே கட்டிலில் படுத்து, வலியில் துடிப்பவளைப் போலக் கண்ணீர் வழிய அலறினார். எனக்குக் கை நடுங்கியது.

"நடுங்குனா நடுங்கட்டும்ளா. அவகிட்ட பேசிக்கிட்டே செய்யி," என்றார்.

வகுப்பு முடிந்தும் அவர் கண்ணீர் நிற்கவில்லை.

"நடிப்புத்தானே சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"நடிப்புத்தாம்ளா. போயி கையக் கழுவு."

அதன்பிறகு எத்தனையோ குழந்தைகளை எடுத்துவிட்டேன். அன்று அவர் யாருக்காக அழுதார் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.