ஆயுத பூஜைக்குத் திறக்கும் அறை

வேலம்பாளையத்தில் நான் படித்த பள்ளியில் பத்து கம்ப்யூட்டர்கள் இருந்தன. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று தாளாளர் அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு மட்டும் திறந்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். மறுநாள் அதைத் துடைப்பது என் வேலை.

எட்டாம் வகுப்பில் ஒருமுறை துடைத்துக்கொண்டே, "ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுங்களா ஐயா?" என்று கேட்டேன். என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும். பூஜையில் வைத்திருந்த, துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கும் சின்னக் கத்தரி ஒன்றை என் கையில் வைத்தார்.

"உனக்கு எதுக்கு கண்ணு அதெல்லாம்? பிசிறு வெட்டப் பழகிக்க. நாளைக்கு உதவும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

பள்ளி முடித்து நான்கு வருடம் பிசிறுதான் வெட்டினேன். பிறகு தையல் மிஷினே நூலை வெட்டிக்கொள்ளத் தொடங்கியது. என்னையும் சேர்த்து எங்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். ஒரு சென்டரில் சேர்ந்து கம்ப்யூட்டரில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் அளவுப் படம், போடக் கற்றேன். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் மடமடவென்று டைப் அடிப்பார்கள். எனக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது. தடுமாறும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக் கறுவினேன். கத்தரியை மட்டும் தூக்கி எறியவில்லை.

இப்போது நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பேட்டர்ன் மாஸ்டர். போன மாதம் தாளாளர் போன் செய்தார். "மாறுற உலகத்துல என்ன வேலைக்குப் படிக்கலாமுன்னு நம்ம பிள்ளைங்களுக்கு வந்து சொல்லோணுமுங்க." மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன். கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.

பெற்றோர் நிறைந்த கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "இது நாம உருவாக்குன பிள்ளைங்க" என்றார். நான் மைக்கை வாங்கினேன்.

"பேசறதெதுக்குங்க, செஞ்சே காட்டறேன். கம்ப்யூட்டர் ரூமைத் தொறங்க ஐயா."

"அது ஆயுத பூஜைக்குத்தானுங்க தொறக்கறது" என்றார், பெருமையாக.

பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. "உங்க பிள்ளைங்க ஒருக்காவாச்சும் தொட்டிருக்காங்களான்னு கேளுங்க" என்று பெற்றோரிடம் சொன்னேன். ஒரு அப்பா எழுந்து அந்த அறை வாசலுக்கு நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். தாளாளர் சாவி எடுத்துவர வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர்கள் புதியவை. பூட்டு மட்டும் அதே பூட்டு. சாவியை வாங்கித் திறந்துவிட்டு, இப்போது குங்குமம் துடைப்பது யாரென்று கேட்டேன். ஒல்லியாக ஒரு பெண் முன்னால் வந்தாள். அவளிடம் சாவியைக் கொடுத்தேன்.

"சாவி என்கிட்ட இருக்கட்டுமுங்க" என்று தாளாளர் கையை நீட்டினார்.

நீட்டிய கையில் கத்தரியை வைத்தேன்.

"பிசிறு வெட்டப் பழகிக்கங்க ஐயா. நாளைக்கு உதவுமுங்க."