கரிக்கோச்சி இரண்டாம் முறை பின்னால் போனது

எனக்கு இப்போதெல்லாம் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. கண்டி ஸ்டேஷனில் வண்டி ஐந்து நிமிடம் தாமதம் என்று அறிவித்தால் போதும், பிளாட்பாரத்தை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அளக்கத் தொடங்கிவிடுவேன். “காலில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டாயா?” என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். சிரித்துவிட்டு மறுபடி நடப்பேன்.

இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்ட வருடம்தான் ஒரு சுற்றுலாக் கம்பனியில் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் கூட்டமாக வந்து, பழைய நீராவி இஞ்சின் பூட்டிய வண்டியில் கண்டியிலிருந்து நாவலப்பிட்டிப் பக்கம் போவார்கள். எங்கள் பேச்சில் கோச்சி என்றால் ரயில்; இதைக் கரிக்கோச்சி என்போம். அவர்கள் கேட்பதை ரயில் கார்டிடம் சிங்களத்திலும், கார்டு சொல்வதை அவர்களிடம் ஆங்கிலத்திலும் சொல்வது என் வேலை. கரியை முகத்தில் அப்பிக்கொள்ள விமானம் ஏறி வருகிறார்களே என்று முதல் நாள் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவழியில் எல்லோரும் இறங்கி வயலோரம் கமராவுடன் வரிசையாக நிற்பார்கள். வெறும் வண்டி கொஞ்ச தூரம் பின்னால் போய், புகையைக் கக்கிக்கொண்டு, கூவிக்கொண்டு மறுபடி வரும். ஊர்வலமாக வந்த மாப்பிள்ளையை, படம் சரியில்லை என்று தெருமுனைக்குத் திருப்பி அனுப்புவதுபோல் இருக்கும். அதன் பிறகுதான் ஏறுவார்கள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு என் தங்கச்சிக்குக் கண்டியில் இன்டர்வியூ. நர்ஸ் பயிற்சிக்கு. அடுத்த முறை விண்ணப்பிக்க வயது தாண்டிவிடும், அதனால் அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. பஸ்ஸில் ஏறினால் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பாள் என்பதால் நாவலப்பிட்டியில் காலைக் கோச்சியைப் பிடித்திருந்தாள். நாங்கள் கெலிஓயாவைத் தாண்டி முதல் படத்தை முடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“அக்கா, கம்பளையில நிப்பாட்டி வச்சிருக்காங்க. ஏதோ கரிக்கோச்சி வருதாம், அது வந்து சேந்தாத்தான் இத வுடுவாங்களாம். ஒங்க வண்டியா?”

ஆமாம் என்றேன். ஒற்றைத் தண்டவாளம். எங்கள் வண்டி கம்பளை ஸ்டேஷனுக்குப் போய்ச் சேராமல் அவளுடையது அசைய முடியாது. இறங்கி பஸ்ஸில் போ என்று சொல்லிப் பார்த்தேன்.

“வெள்ளச் சாரியில வாந்தி எடுத்துக்கிட்டு எப்பிடிக்கா உள்ள போறது? இப்ப வந்துரும்தானே?”

இப்ப வந்துரும் என்றேன். மனதுக்குள் கணக்குப் போட்டேன். உடனே கிளம்பினால் அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அப்போதுதான் கூட்டத்தின் தலைவர், வெயிலில் சிவந்த முகமும் பெரிய தொப்பியுமாக என்னிடம் வந்தார். படத்தின் நடுவே ஒரு முச்சக்கரவண்டி வந்துவிட்டதாம். இன்னொரு முறை பின்னால் போகச் சொல்ல வேண்டுமாம். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தொப்பியைப் பிடுங்கி வயலில் எறிந்திருப்பேன். ஆனால் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு கார்டிடம் போனேன்.

கார்டு வயதான, நிதானமான மனிதர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: “மிஸ், கம்பளையில ஒரு கோச்சி நிக்குது. வேலைக்குப் போற சனம். நீங்க போதும்னு சொன்னா, மறுபடி பின்னால போக லைன் கிடைக்கலன்னு நான் சொன்னதா அவங்ககிட்ட சொல்லிடுங்க. என்ன சொல்றீங்க?”

அவர் என்னைத்தான் கேட்டார். அவருக்கு என் தங்கச்சியைத் தெரியாது.

போதும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. புது வேலை என்ற பயம் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பெரிய காரணமில்லை. தன் வீட்டு ஆளுக்காக வண்டியை விரட்டினாள் என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிட்டால்? தேயிலைத் தோட்டத்து ஆட்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று பேசிவிட்டால்? அந்த எண்ணம்தான் வாயைக் கட்டியது. கம்பளையில் நின்ற வண்டியில் அவள் இல்லாமல் இருந்திருந்தால், முன்பின் தெரியாத அந்தச் சனத்துக்காகப் போதும் என்று தைரியமாகச் சொல்லியிருப்பேன்.

“அவங்க கேக்குறாங்க” என்றேன்.

கார்டு பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு நடந்தார். வண்டி பின்னால் போனது. இஞ்சினில் நீராவி குறைந்துவிட்டது என்று அங்கேயே வெகுநேரம் நிறுத்தி நீராவியை மறுபடி ஏற்றினார்கள். நான் வரப்பில் முன்னும் பின்னும் நடந்தேன். போன் இரண்டு முறை அடித்தது. எடுக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பெயர்ப் பட்டியலை மூடிவிட்டோம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி துணிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். கண்டியில் என்னுடன்தான் தங்கியிருக்கிறாள். பஸ்ஸுக்கும் பழகிவிட்டாள், முன் சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி போகிறாள்.

போன தீபாவளிக்கு இருவரும் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிடும்போது அம்மா அந்தப் பேச்சை எடுத்தார். “அந்த வண்டியிலதானே நீயும் இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டாள். “சும்மா இருங்கம்மா. அக்கா பாவம், என்னா செய்வா? அவங்க சொல்றத இவ சொல்லணும், அவ்வளவுதானே. இவகிட்ட யாரு கேட்டா?” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “இல்லியாக்கா?”

ஆமா என்றேன்.