கொச்சிக் கப்பலுக்கு வெள்ளைத்துரை பிடித்த பாதை

சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் என் தம்பி வெள்ளைத்துரையிடம் கேட்காமல் மலை தாண்டிப் போனவர்கள் குறைவு. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கேட்பார்கள், திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோகிறவர்கள் கேட்பார்கள். கேட்காதவர்களையும் பஸ் ஸ்டாப்பில் நிறுத்திச் சொல்லி அனுப்புவான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கேரளாவுக்குப் பட்டாசு லோடு ஓட்டியவன். சித்திரை விஷுவுக்கு அங்கே வெடிக்கிற வெடியில் பாதி தன் வண்டியில் போனது என்பது அவன் கணக்கு. மீதிப் பாதி யார் வண்டியில் போனது என்று அவன் சொன்னதில்லை.

நல்ல பாதை என்றால் ஊரில் எல்லாரும் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிற பாதை என்று நினைப்பார்கள். அவனுக்கு அப்படி இல்லை. வெடிக்காமல் போய்ச் சேர்க்கிற பாதைதான் நல்ல பாதை. கடைத்தெரு வழியாகப் போகமாட்டான், கோயில் ஊர்வலம் வருகிற தெருவுக்குள் போகமாட்டான், கல்யாண மண்டபம் கண்ணில் பட்டால் அடுத்த சந்தில் திருப்பிவிடுவான். விசேசத்துக்கு வெடி கொண்டுபோகிற வண்டி விசேச வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்பான்.

பட்டாசு வண்டி டிரைவர்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. லோடு இறங்குகிறவரை டிரைவர் வண்டியை விட்டு நகரக்கூடாது. மற்றவர்கள் அதை முதலாளி பார்க்கும்போது கடைப்பிடிப்பார்கள். இவன் முதலாளி பார்க்காதபோதும் கடைப்பிடித்தான். மகள் பானுப்பிரியாவுக்குக் காது குத்தியபோது கொல்லத்தில் ஒரு குடோன் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். மாமன் மடியில் பிள்ளை அழுதது, அப்பன் மடியில் ஸ்டீரிங் இருந்தது.

அவன் பெண்டாட்டி வேலுத்தாய் ஒன்றும் சொல்லமாட்டாள். அவளும் கம்பெனியில் வேலை பார்த்தவள்தான், ராக்கெட் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவாள். கப்பல் படம் போட்ட பெட்டி ஒன்று உண்டு. அதை ஒட்டி ஒட்டியே அவளுக்குக் கப்பலில் போகவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அவனும் மாட்டேன் என்று சொன்னதில்லை. விஷு சீசன் முடியட்டும் என்பான். அது முடிந்தால் தீபாவளி சீசன். அதுவும் முடிந்தால் கார்த்திகைக்குக் கொஞ்சம் லோடு இருக்கும். அது முடிந்தால் விஷுவுக்கு ஆர்டர் வந்துவிடும். அப்படியே அவனுக்கு அறுபது வயதாகிவிட்டது.

அறுபதாம் கல்யாணம் செய்யலாம் என்று நான் சொன்னேன். பானுப்பிரியா கேட்கவில்லை. திருத்தங்கலில் அச்சாபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண், அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் கொச்சியில் இருந்து கப்பல் டிக்கெட் போட்டுவிட்டாள். கப்பல் லட்சத்தீவு வரை போய்த் திரும்பி வருமாம். மத்தியானம் மூன்று மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்களாம். அதற்குள் போகாவிட்டால் டிக்கெட்டும் போச்சு, வேலுத்தாயின் கப்பலும் போச்சு. இதைப் பானுப்பிரியா வீட்டில் எல்லாரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். தன் அப்பனிடம் இரண்டு தடவை சொன்னாள்.

கார் அவள் புருசன் மாரிக்கண்ணனுடையது. பானுப்பிரியாவுக்கு லீவு கிடைக்காததால் அவன்தான் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. வழியனுப்ப நம் பக்கத்தில் ஒருத்தராவது வேண்டாமா என்று நானும் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. இறங்கு என்று சொல்லியிருந்தாலும் இறங்கியிருக்கமாட்டேன். ஆனால் ஸ்டீரிங்கில் வெள்ளைத்துரை உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை பக்கத்து சீட்டில், தன் காரில் தானே விருந்தாளியாக இருந்தான்.

"குமுளி வழியாப் போனா ஒரு மணி நேரம் கம்மின்னு காட்டுது மாமா" என்றான் மாரிக்கண்ணன்.

"யாரு காட்டுறா?"

"போனு."

"அது இதுவரைக்கும் எத்தனை லோடு இறக்கிருக்கு?"

"சரி, வேண்டாம். மதுரை போயி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாப் போவோமா? மலையே ஏற வேண்டாம்."

"அம்புட்டும் டவுனு மாப்ள. செங்கோட்டை வழிதான் நமக்கு. குமுளிக்கு அங்கிட்டு இறக்கத்துல பிரேக்கு சூடாகி வாடை அடிக்கும். பின்னாடி லோடு இருக்கையில அதெல்லாம் ஆகாது."

"பின்னாடி அத்தையும் பெரியம்மாவும்தான மாமா இருக்காக."

"அதத்தான நானும் சொல்லுதேன்."

"ஏலே, என்னையவும் வெடியோட சேத்துட்டியா?" என்றேன்.

"ஒன்னையச் சேக்க முடியாதுக்கா. நீ தனி லைசென்ஸ் எடுக்க வேண்டிய சரக்கு" என்றான்.

வேலுத்தாய் சிரிக்கவில்லை. புதுச் சேலையின் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டிக்கெட்டும் ஆதாரும் அதில்தான் இருந்தன.

விடியும்போது கிளம்பினோம். ராஜபாளையத்துக்குள் போகாமல் சுற்றினான். தென்காசிக்குள் போகாமல் சுற்றினான். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் புரோட்டாக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மாப்பிள்ளை பசிக்கிறது என்றான். அடுப்பு எரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தக்கூடாது என்று தம்பி அந்த வரிசையைத் தாண்டிப் போய்விட்டான். காருக்குள் வெடி என்று சொல்ல வேலுத்தாயின் கோபம்தான் இருந்தது, அதையும் அவள் நன்றாகக் கட்டித்தான் வைத்திருந்தாள். பஸ் எங்களை முந்தியது. லாரி முந்தியது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னால் வந்து ஆரன் அடித்து, வழி வாங்கிக்கொண்டு முந்தியது.

"கொஞ்சம் சேத்து மிதிக்கக் கூடாதா?" என்று வேலுத்தாய் கேட்டாள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு அது.

"நான் இம்புட்டு வருசத்துல ஒரு லோடாவது சேதாரம் ஆக்கிருக்கேனா?"

"சேதாரம் ஆகல. சேர்ற நேரத்துக்குச் சேந்துருக்கா?"

"சேரும். நீ பேசாம வா."

ஆரியங்காவில் மாரிக்கண்ணனின் போனுக்கு சிக்னல் போய்விட்டது. தம்பிக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தீகளா மாப்ள, மலையைக் கண்டதும் வாயை மூடிருச்சு" என்றான். அதற்குப் பிறகு மலை இறங்கும்வரை அவன் வாய் மூடவில்லை.

புனலூர் தாண்டி எதிரே ஒரு வேன் வந்தது. சிவகாசி வண்டி, லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. பார்த்ததும் லைட்டை அடித்து நிறுத்தினான். ஓட்டி வந்தவன் ஆனைக்குட்டத்துப் பலவேசம், இவனிடம் தொழில் பழகியவன். இரண்டு பேரும் ஜன்னலோடு ஜன்னலாகப் பேசினார்கள்.

"மேல செக்கிங் இருக்காலே?"

"இல்லண்ணே. என்ன கார்ல வாறீக, என்ன லோடு?"

"எங்க வீட்டம்மா. கொச்சியில கப்பல்ல ஏத்தணும்."

"எக்ஸ்போர்ட்டாண்ணே?"

"திரும்பி வந்துரும்லே. ஹார்பருக்கு எந்த ரோடு நல்லாருக்கு இப்ப?"

"ஊருக்குள்ள போயிராதீக, மாட்டிக்கிருவீக. கண்டெய்னர் ரோட்டப் பிடிங்க. பெரிய ரோடு. நேரா கேட்டுலதான் போயி நிக்கும்."

சிக்னல் திரும்ப வந்திருந்தது. மாரிக்கண்ணன் போனைப் பார்த்துவிட்டு, கப்பலுக்கு ஊருக்குள் போய்ப் பாலம் ஏறவேண்டும் என்று காட்டுகிறது என்றான். தம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. லோடுக்காரன் சொன்னது லோடுக்காரனுக்கு வேதம்.

பலவேசம் சொன்னது பொய்யும் இல்லை. பெரிய ரோடுதான். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வழிநெடுக வைத்திருந்த போர்டில் லாரிப் படம்தான் இருந்தது. "ஏலே, இது லாரி போற பாதை மாதிரி இருக்கே" என்றேன். லாரி போகிற பாதையில் எதுவும் போகலாம் என்றான். ரோடு நேராக ஒரு பெரிய கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. அந்தக் கேட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. தம்பி மனநிறைவோடு வரிசையின் கடைசியில் காரைச் சேர்த்தான். இறங்கி என்னவென்று விசாரிப்பதற்குள் பின்னால் இரண்டு கண்டெய்னர் வந்து ஒட்டி நின்றுவிட்டன. பக்கத்தில் நடுச்சுவர். திரும்ப முடியாது.

மாரிக்கண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "மாமா, இது சரக்குக் கப்பலு. ஆளு ஏறுற கப்பலு அங்கன நிக்கி" என்று கை நீட்டினான்.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றது. வெள்ளை வெளேரென்று, அடுக்கு அடுக்காக ஜன்னல் வைத்து, அத்தனை பெரிது. வேலுத்தாய் பார்த்தாள். பிறகு காரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை.

"எந்திரிங்க. சாவிய மாப்பிள்ளைகிட்டக் குடுத்துட்டு வாங்க. ஒரு ஆட்டோ பிடிச்சிப் போயிருவோம்" என்றாள்.

"வண்டிய லைன்ல விட்டுட்டா?"

"அவர் வண்டிதான? அவர் பாத்துக்கிருவாரு."

"போங்க மாமா, நான் இருக்கேன்" என்றான் மாரிக்கண்ணன்.

"இந்தா நகந்துரும். கேட்டுல சொன்னா உள்ளுக்குள்ளயே அந்தப் பக்கம் விட்ருவாக. லோடு இறங்காம நான் எப்படி வண்டிய விட்டு வருவேன்?"

வேலுத்தாய் கதவைத் திறந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கி நின்றாள். "லோடு நான்தான. இந்தா இறங்கிட்டேன். வாங்க" என்றாள்.

அவன் இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்தபடி முன்னால் நின்ற லாரியைப் பார்த்தான். லாரி ஒரு முழம் நகர்ந்தது. இவனும் ஒரு முழம் நகர்த்தினான். வராதது மட்டுமில்லை, நகர்த்திவிட்டான். என் கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் அந்த ஒரு முழத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. நானும் இறங்கினேன்.

நடுச்சுவரில் இருந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கம் போனோம். ஒரு ஆட்டோ வந்தது. வேலுத்தாய் கப்பலை நோக்கிக் கை காட்டினாள். ஆட்டோக்காரன் மலையாளத்தில் ஏதோ கேட்டான், அவள் மறுபடியும் கை காட்டினாள். "கேறிக்கோ" என்றான், ஏறிக்கொண்டோம். செங்கோட்டையா குமுளியா என்று அவன் எங்களிடம் கேட்கவில்லை. ஊருக்குள் புகுந்தான், கடைத்தெரு வழியாகப் போனான், மீன் பொரிக்கிற கடைக்கு முன்னால் உரசிக்கொண்டு போனான், பாலம் ஏறினான், இறங்கினான். கப்பல் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

வாசலில் ஒரு பெண் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். இரண்டு பேர் இருக்கிறதே, இன்னொருவர் எங்கே என்று தமிழிலேயே கேட்டாள்.

"பின்னாடி வாராக" என்றாள் வேலுத்தாய்.

"சீக்கிரம் வரச்சொல்லுங்க. நாங்க அடைக்கப்போறோம்."

போன் போட்டோம். மாரிக்கண்ணன் எடுத்தான். முன்னால் இன்னும் நாலு லாரி இருக்கிறது என்றான். மாமா அசையவில்லை என்பதையும் சொன்னான். வேலுத்தாய் ரோட்டைப் பார்த்தாள், கப்பலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மதினி, அவுக இல்லாம எப்படி?"

"அவன் இல்லாம நீ என்னதான் செய்யல? பிள்ளைக்குக் காது குத்தினே, கல்யாணம் முடிச்சே, கொள்ளி வைக்கிறதத் தவிர எல்லாம் செஞ்சே. போ தாயி."

"கோவிச்சிக்கிருவாகளே."

"கோவிக்கட்டும். என் தம்பிதான, நான் பாத்துக்கிடுதேன்."

அவள் செருப்பைக் கழற்றப்போனாள். போட்டுக்கொண்டே வரலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். போட்டுக்கொண்டே போனாள். கண்ணாடிக் கதவுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஆட்களோடு ஆளாகக் கலந்துவிட்டாள்.

வெள்ளைத்துரை வந்து சேர்ந்தபோது கதவை அடைத்து நேரமாகியிருந்தது. சரக்குக் கேட்டில் என்ன நடந்தது என்று மாரிக்கண்ணன்தான் சொன்னான். லோடு என்ன என்று கேட்டார்களாம். கப்பலில் ஏற்ற வந்தேன் என்றானாம். எதை என்று கேட்டார்களாம். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தானாம். அங்கேயே காரைத் திருப்பிக்கொண்டு வந்தானாம்.

வாசலில் இருந்த காவலாளியிடம் தன் லைசென்ஸைக் காட்டினான். ஒரு விபத்துக்கூட இல்லாமல் ஓட்டியவன் என்று சொன்னான். அவர் வாங்கிப் பார்த்து, நல்லது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

கப்பல் கிளம்பியது. சத்தமே இல்லாமல் கரையை விட்டு விலகியது. மேலே வரிசையாக ஆட்கள் நின்று கை ஆட்டினார்கள். அதில் யார் வேலுத்தாய் என்று தெரியவில்லை. தம்பி எல்லாருக்கும் பொதுவாகக் கையைத் தூக்கினான், பாதியில் இறக்கிக்கொண்டான். அப்புறம் போன் போட்டான். வண்டிச் சத்தத்தில் காது மந்தமானவன், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான்.

"எங்கன இருக்க?"

"மேல நிக்கேன். காத்து சிலுசிலுன்னு வருது."

"சாப்பிட்டியா?"

"கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுக்காக. நீங்க சாப்பிட்டீகளா?"

"அது கெடக்கட்டும். நீ தனியா இருந்துக்கிருவியா?"



"சீசன் சீசனா நீங்க போனீகளே, அப்பல்லாம் நான் யார் கூட இருந்தேன்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "வைக்கேன். பாட்டுக் கச்சேரி இருக்காம், கூப்பிடுறாக."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மாரிக்கண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னலே சொல்லுதா?" என்றேன்.

"சிக்னல் சரியில்லக்கா" என்றான். கார்ச் சாவியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினான்.