பட்டறை வாத்தியார் ரம்பம்

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், சைக்கிள் கொட்டகையைத் தாண்டி இருந்த பட்டறையை நெடுங்காலம் கட்டி ஆண்டவர் ரம்பம் சார். மரவேலை, இரும்புவேலை இரண்டையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கையில் எந்நேரமும் ரம்பம் இருந்ததால் அந்தப் பெயர் என்று புதிதாக வரும் பிள்ளைகள் நினைப்பார்கள். ஒரு வகுப்பு உட்கார்ந்தால் போதும், விஷயம் புரிந்துவிடும். மனிதர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். இழைப்புளியைப் பிடிப்பது எப்படி என்று தொடங்கி, தன் பல்வலி, பக்கத்து வீட்டுப் பூனை, ஒழுகும் கூரை என்று ஊரெல்லாம் சுற்றி மறுபடி இழைப்புளிக்கே வந்து சேருவார்.

அவர் போய்ச் சேர்ந்த மறுமாதம் பழைய மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பட்டறையில் கூடினார்கள். பஸ் பணிமனையில் வெல்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கோணலும் வந்திருந்தாள். வீட்டில் வைத்த பெயர் வேறு. பட்டறையில் அவள் என்றும் கோணல்தான். முன்வரிசையில் சாரின் மனைவியை உட்கார வைத்திருந்தார்கள்.

கோணலை முதலில் பேசச் சொன்னார்கள். அவள் தயங்கித் தயங்கித்தான் எழுந்தாள்.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு. இவளோ தையல்காரர் மகள்; ஊசியையும் நூலையும் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போயிருந்தாள். ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். நீ ஏன் இங்கே என்று சார் கேட்கவில்லை. பல்வலிக் கதையை நிறுத்தாமலே ஒரு பலகையின் நுனியைக் காட்டி, “இதக் கொஞ்சம் அழுத்திப் பிடிம்மா” என்றார். அவ்வளவுதான், அவள் பட்டறை மாணவி ஆகிவிட்டாள்.

அவள் செய்த முதல் முக்காலியின் கால்கள் ஆளுக்கொரு திசையில் முறைத்துக்கொண்டு நின்றன. வகுப்பே சிரித்தது. சார் அதன்மேல் உட்கார்ந்தார். அது மடங்கிக்கொண்டது. தரையில் கிடந்தபடியே, எந்த மூட்டு முதலில் விட்டது, ஏன் விட்டது என்று நிதானமாக விளக்கினார். பிறகு எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, “கோணலோ மாணலோ, நீயே செஞ்சிருக்கே. பிரிச்சு மறுபடி மாட்டு” என்றார்.

படிப்பு முடிந்ததும் வெல்டிங் பயிற்சியில் இடம் கிடைத்தது. அப்பா ஒரே பிடியாக நின்றார். பெண்பிள்ளை நெருப்போடு மல்லுக்கட்ட வேண்டாம், கடையிலேயே மெஷின் சும்மா கிடக்கிறது என்றார். அவள் அழுதுகொண்டே சாரிடம் சொன்னாள். அன்று சாயங்காலம் சார் ஒரு சட்டையோடு தையல்கடைக்கு வந்தார். பொத்தான் அறுந்துவிட்டதாம். அப்பா தைத்துக் கொடுப்பதற்குள் பூனைக் கதை முடிந்து கூரைக் கதை பாதி ஓடியிருந்தது. பெண்ணைப் பற்றி ஒரு பேச்சில்லை. மறுநாள் இன்னொரு சட்டை, இன்னொரு பொத்தான். அதற்கடுத்த நாளும் அப்படியே. இப்போது நடுநடுவே வெல்டிங் பற்றியும் பேச்சு வந்தது. கண்ணுக்குக் கண்ணாடி உண்டு, கைக்கு உறை உண்டு, பெண்ணுக்கு நல்ல கை என்று. வார முடிவில் அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“சார், பொண்ண நானே கூட்டிட்டுப் போய்ச் சேர்த்து விடறேன். நீங்க மட்டும் நாளைக்கு வராதீங்க.”

கோணல் சொல்லி முடித்ததும் பட்டறையே குலுங்கிச் சிரித்தது. சாரின் மனைவி மட்டும் வாயில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“அடப்பாவி மனுஷா,” என்றார் கடைசியில். “அந்த வாரம் முழுக்க நல்ல சட்டையா எடுத்து வச்சுப் பொத்தானப் பிச்சுக்கிட்டு இருந்தாரு. என்ன கேட்டும் பதில் இல்ல. எனக்குப் பயமாவே போயிடுச்சு.” பிறகு கோணலைப் பார்த்து, “அவரா இவ்வளவு பேசினாரு? வீட்டுல உப்பு வேணுமான்னு கேட்டாக்கூடத் தலையத்தான் ஆட்டுவாரு” என்றார்.

முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர்தான் விளக்கம் சொன்னார். வாத்தியார் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றால் பிள்ளைகளுக்குக் கை நடுங்கும். காது வேறெங்கோ இருந்தால் கை தன் வேலையைப் பார்க்கும் என்று சார் ஒருமுறை அவரிடம் சொன்னாராம். கோணலுக்குச் சட்டென்று இதே பட்டறையில் முதல்முதலில் இரும்பைப் பற்றவைத்த நாள் ஞாபகம் வந்தது. பூனை கூரையில் மாட்டிக்கொண்டதா, இறங்கியதா என்ற யோசனையில் அவள் பயப்படவே மறந்துபோயிருந்தாள். கண் கலங்கியது, ஆனாலும் சிரிப்புதான் வந்தது.

அப்புறம் ஆளுக்கொரு கதை கிளம்பியது. முடிதிருத்துபவர் சாரைப் போலவே கழுத்தைச் சாய்த்துப் பேசிக் காட்டினார். “இன்னும் சொல்லுங்க, இதெல்லாம் எனக்குப் புதுசு” என்று சாரின் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பொழுது சாயும்போது பள்ளிக் காவலாளி சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். பூட்டத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் எழுந்தார்கள். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“இருங்க, இருங்க. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு,” என்றார்.

சாரின் மனைவி நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார்.